டோக்கன் எண்பத்து மூன்று

கோலப்பனுக்கு அறுபத்தெட்டு வயது. அதில் முப்பத்தோரு வருஷம் திருவனந்தபுரத்தில் குடிதண்ணீர்க் குழாய்களின் வால்வைத் திறந்து மூடுகிற வேலை பார்த்தவர். அவர் மூடிய வால்வு மூடியதுதான். ஒரு தடவை வஞ்சியூர்ப் பக்கம் அவர் இறுக்கிவிட்டுப் போனதைத் திறக்க நான்கு ஆட்களும் ஒரு ஜீப்பும் இரண்டு நாள் பாடுபட்டதில் ஜீப்பின் முன்பக்கம்தான் கழன்று வந்தது. கடைசியில் லீவில் நாகர்கோவில் போயிருந்தவரையே வரவழைத்தார்கள். அவர் பஸ்ஸை விட்டு இறங்கி, இடது கையால் ஒரு திருகு திருகிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார் என்று அவர் குடியிருக்கும் ஸ்ரீவராகத்தில் இன்றைக்கும் சொல்வதுண்டு. சொல்பவர் பெரும்பாலும் கோலப்பன்தான்.

அப்பேர்ப்பட்டவரின் சொந்த வால்வு மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டது. ஒரு நாளைக்குப் பதினெட்டுத் தடவை போனார். போய் நின்றால் வருவது குழந்தைக்குப் பாலூட்டுகிற சங்கில் முக்கால். மூத்திர வியாதிகளைப் பார்க்கும் பெரிய டாக்டர் சத்தியநேசன் மூன்று மாதம் மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதினார்.

"கோலப்பன் சாரே, ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. கிட்னி, குழாய், மூத்திரப்பை எல்லாம் பாக்கணும். தண்ணி குடிச்சு முட்டிக்கிட்டு நிக்கும்போ ஒரு தடவை பாப்பாங்க. பிறகு போயிட்டு வரச் சொல்லி, உள்ளே எவ்வளவு மிச்சம் கிடக்குன்னு பாப்பாங்க. நூறு மில்லிக்குக் கீழேன்னா மாத்திரை மதி, அதுவே போதும். மேலே போச்சுன்னா ஆபரேஷன்."

கோலப்பன் அந்தச் சீட்டைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து மூன்று வாரம் காப்பாற்றினார். ஆபரேஷன் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். மூன்று வீடு தள்ளி இருக்கும் ஸ்ரீனிவாசன் அதைச் செய்துகொண்டு வந்தபோது, ஒரு ரப்பர்க் குழாயும் அதன் நுனியில் ஒரு பையுமாக வந்தார். பையை நகைக்கடைத் துணிப்பைக்குள் வைத்து நாசூக்காகத்தான் கொண்டு நடந்தார். ஆனாலும் இரண்டு வாரம் தெரு முழுக்க, பால் வாங்கப் போகிறவர்கள் உட்பட, "இன்னைக்கு என்ன நிறம் சாரே?" என்று நலம் விசாரித்தார்கள். முதலில் விசாரித்தவர் கோலப்பன். அந்த விசாரிப்பு தன் வாசலுக்குத் திரும்பி வருவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான்காவது வாரம் டாக்டர் கெடு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவர் இரண்டு மாத லீவில் போகிறார். புதன்கிழமை காலை ரிப்போர்ட் மேஜைக்கு வரவேண்டும். வராவிட்டால் வியாழக்கிழமை ஆபரேஷன் பட்டியலில் கோலப்பன் பெயர் இருக்கும்.

மிச்சம் இருந்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை ஆற்றுகால் பொங்காலை.

பெண்கள் அம்மனுக்குப் பொங்கலிடும் பொங்காலை அன்று, ஆற்றுகால் கோயிலைச் சுற்றி ஐந்தாறு மைலுக்கு ரோடு என்று ஒன்று கிடையாது. மூன்று செங்கல், ஒரு பானை, ஒரு பெண். அதற்கடுத்து மூன்று செங்கல், ஒரு பானை, ஒரு பெண். பஸ் ஸ்டாண்டு, பெட்ரோல் பங்க், வக்கீல் வீட்டு முற்றம் எங்கும் இதுதான். எத்தனை லட்சம் பேர் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

"அன்னைக்கு எவன் ஸ்கேன் எடுக்கப் போவான்?" என்றாள் மனைவி பகவதியம்மாள்.

"கேளு. பொம்பளையெல்லாம் ரோட்டில இருப்பா. ஆம்பளையெல்லாம் காப்பி போடத் தெரியாம வீட்டில முழிச்சிட்டு இருப்பான். ஸ்கேன் சென்டர் காலியாக் கிடக்கும். புத்தி இருக்கவன் அன்னைக்குத்தான் போவான்."

"புத்தி இருக்கவன்லா போவான்? நீங்க என்னத்துக்குப் போறீங்க?"

கோலப்பன் உடனே கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்தார். ஒன்பதரை மணி, டோக்கன் நம்பர் ஒன்று கிடைத்தது. அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனைக் கீழே வைத்தார்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலேயே பகவதியம்மாள் பானையும் அரிசியும் வெல்லமுமாக மணக்காட்டுக்குக் கிளம்பினாள். இரண்டு நாள் முன்பே அங்கே செங்கல் வைத்து, சாக்கட்டியால் பெயர் எழுதி இடம் பிடித்திருந்தாள். தலைவலிக்காரர்களுக்காகத் தலை வடிவத்தில் மண்டைப்புற்று என்று ஒரு பலகாரம் அவித்து அம்மனுக்குப் படைக்கிற வழக்கம் உண்டு. வாசலில் நின்று அவள் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"இன்னா பாருங்க, இந்த மூத்திரப்பை என்ன வடிவத்தில இருக்கும்?"

கோலப்பன் யோசித்து, "கொழுக்கட்டை மாதிரி இருக்கும்" என்றார்.

"அப்ப கொழுக்கட்டையே வச்சிருகேன். யாரும் ஒண்ணும் கேக்கமாட்டா."

எட்டேகாலுக்குக் கோலப்பன் ஒரு லிட்டர் பாட்டிலை நிறைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். எட்டரைக்குக் கிளம்பினார். கிள்ளிப்பாலம் சாதாரண நாளில் இருபத்தைந்து நிமிஷ நடை.

அன்றைக்கு நடப்பதற்கு நிலம் இல்லை. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையில் ஒரு பாதம் வைக்கத்தான் இடம் இருந்தது. இன்னொரு பாதத்தை அவர் கையில்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும் போலிருந்தது. "ஒண்ணு மாறும்மா", "தள்ளிக்கோ மக்களே" என்று ஓர் அடுப்புக்கு ஒரு தடவை சொல்லி, எண்ணூறு தடவையில் தொண்டை கட்டிப் போயிற்று. அது போதாதென்று தண்ணீர்ப் பந்தல்கள். இருபது அடிக்கு ஒரு சங்கமும் கிளப்பும் பந்தல் போட்டு, வருகிறவர் போகிறவரை மறித்துச் சம்பாரம் கொடுத்துக்கொண்டிருந்தன. மோரில் இஞ்சியும் பச்சைமிளகாயும் கருவேப்பிலையும் நசுக்கிப் போட்ட சம்பாரம். கோலப்பன் வேண்டாமென்று கையைக் காட்டினார்.

"தேவிக்கு நேர்ந்தது, சேட்டா. வேண்டான்னு பறயாதே" என்றான் முதல் பந்தல்காரன்.

ஆற்றுகால் அம்மன் பெயரால் நீட்டுகிற தம்ளரை, அதுவும் பொங்காலை அன்று, அதுவும் வியாழக்கிழமைப் பட்டியலில் பெயர் தொங்கிக்கொண்டிருக்கும்போது, எப்படித் தட்டுவது? குடித்தார். அடுத்த பந்தலிலும் அதே அம்மன்தான். கிள்ளிப்பாலம் போய்ச் சேருவதற்குள் அந்த ஒரே அம்மன் பெயரால் ஒன்பது தம்ளர் உள்ளே போயிருந்தது. மணி பத்தேகால்.

அவர் சொன்னது போலவே சென்டர் காலியாகத்தான் கிடந்தது. நாற்காலிகள் எல்லாம் வெறுமையாக இருக்க, கவுன்டரில் மாளவிகா என்கிற பெண் கேரளத்துச் செட்டு முண்டு உடுத்து, பூ வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"டோக்கன் ஒண்ணு" என்றார் கோலப்பன், ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு. "வயிறு நிறைஞ்சாச்சு. உடனே எடுக்கணும்."

"டாக்டர் வெளியில பொங்காலைக்கு இருக்கு, அங்கிளே. இப்போ வரில்லா."

"அப்ப என்னத்துக்கு ஒன்பதரைக்கு டோக்கன் தந்தே?"

"அங்கிள் ஒன்பதரை வேணும்னு பறஞ்சு, ஞான் தந்து. டாக்டர் உண்டோன்னு அங்கிள் கேட்டில்லல்லோ."

கோலப்பன் முற்றத்துக்குப் போனார். அங்கே வரிசையாக இருந்த அடுப்புகளில் நான்காவதின் முன்னால், டாக்டர் திவ்யலட்சுமி கரை போட்ட முண்டும் மேலே நேரியதுமாக, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரமனை அக்கிரகாரத்துக்காரர். அப்போதுதான் கோயிலின் பண்டார அடுப்பு என்கிற முதல் அடுப்பில் தீ வைத்ததாக ஒலிபெருக்கி சொல்ல, அந்தத் தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி வந்து அவர் அடுப்பிலும் பற்றியிருந்தது.

"டாக்டரம்மா, ஒரு அஞ்சு நிமிஷம்."

"தீ மூட்டியாச்சு மாமா. பொங்கற வரைக்கும் எழுந்திருக்கப்படாது. எனக்கு இது அஞ்சாவது வருஷ நேர்ச்சை."

"எனக்கு இப்பவே பொங்கிரும் போல இருக்கு."

"அப்போ ஒரு தடவை பாத்ரூம் போயிட்டு வந்துடுங்கோ. மறுபடி தண்ணி குடிச்சுண்டா போறது."

இவ்வளவு எளிய வழி தனக்குத் தோன்றவில்லையே என்று கோலப்பன் தன்னையே நொந்துகொண்டு உள்ளே ஓடினார். கழிப்பறை வாசலில் ஆரம்பித்த வரிசை, பின்கட்டு வழியாகச் சுவரைச் சுற்றி, பக்கத்துக் காலி மனை வரைக்கும் போயிருந்தது. முழுக்கப் பெண்கள். தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சென்டரின் ஒரே கழிப்பறையை அன்றைக்குப் பொதுவில் விட்டிருந்தார்கள். நெரிசல் வராமலிருக்க மாளவிகா ஓர் ஏற்பாடும் செய்திருந்தாள். கவுன்டர் டிராயரிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"அங்கிள் டோக்கன் எண்பத்து மூணு. இப்போ ஓடுறது இருபத்திரண்டு."

"எனக்கு டோக்கன் ஒண்ணு."

"அது ஸ்கேனுக்கு. இது பாத்ரூமுக்கு."

கோலப்பன் வெளியே எட்டிப் பார்த்தார். மற்ற நாட்களில் அந்த ஊரில் 'இங்கே சிறுநீர் கழிக்கக் கூடாது' என்று எழுதியிருக்கும் சுவருக்குப் பஞ்சமில்லை. எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் ஆட்கள் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். இன்றைக்கு ஒவ்வொரு சுவரோரமும் பெண்கள். மரத்தடியில் பெண்கள். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால்கூட ஒருத்தி தெரளி அப்பத்துக்கு இலை மடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மைல் சுற்றளவில் ஓர் ஆண் ஒதுங்குவதற்கு ஒரு சாண் இடம் இல்லை. புத்தியுள்ளவன் போகிற நாள் என்று தான் சொன்ன நாளைக் கோலப்பன் நாஞ்சில்நாட்டுப் பேச்சில் உள்ள எல்லா வசவுகளாலும் வரிசையாகத் திட்டி முடித்தார். அதில் ஒரு கால் மணி நேரம் போயிற்று.

பிறகு டாக்டரின் பானைக்கு எதிரே போய் நின்றுகொண்டார். பானையைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக, இடது காலும் வலது காலும் மாற்றி மாற்றி.

பக்கத்து அடுப்பில் செங்கோட்டையிலிருந்து ரயிலேறி வந்த செண்பகவல்லி என்கிற அம்மாள் பொங்கிக்கொண்டிருந்தாள். நல்ல பருமன், நல்ல குரல்.

"என்ன அண்ணாச்சி, ஆடிக்கிட்டே நிக்கிய? செத்த உக்காருங்க."

"உக்காந்தா நிக்காதும்மா."

"எது நிக்காது?"

கோலப்பன் வானத்தைப் பார்த்தார். டாக்டர் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னார். செண்பகவல்லி வாயில் கை வைத்து, அதே விஷயத்தைத் தன் பக்கத்து அடுப்புக்காரிக்குச் சுருக்காமல் சொன்னாள்.

"விறகை உள்ள தள்ளுங்க டாக்டரம்மா" என்றார் கோலப்பன். "தீ எரியவே இல்ல."

"மாமா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. நீங்க பாக்கற பார்வைக்கே பானை பொங்கமாட்டேங்கறது."

பதினொன்றே முக்காலுக்குப் பானை பொங்கியது. டாக்டர் கும்பிட்டு எழுந்து, புகையில் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோயிலிலிருந்து ஆள் வந்து தீர்த்தம் தெளிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. "பானையைப் பாத்துக்கோங்கோ" என்று செண்பகவல்லியிடம் சொல்லிவிட்டு, "வாங்கோ மாமா, உங்களைப் பாத்து முடிச்சாத்தான் எனக்கு நிம்மதி" என்று உள்ளே நடந்தார்.

ஸ்கேன் அறையில் ஏ.சி. உறைய வைத்தது. மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, உருளைக் கட்டை மாதிரியான கருவியால் முதலில் வலது கிட்னி, பிறகு இடது கிட்னி என்று டாக்டர் நிதானமாகப் பார்த்தார். மூச்சை இழுக்கச் சொன்னார். பிடிக்கச் சொன்னார். கோலப்பன் எல்லாவற்றையும் பிடித்தார். கடைசியில் கருவி அடிவயிற்றுக்கு வந்து ஓர் அழுத்து அழுத்தியது. கோலப்பனின் கால் கட்டைவிரல் இரண்டும் தாமாகவே எழுந்து நின்றன.

டாக்டர் திரையைப் பார்த்தார். கருவியை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நகர்த்தினார்.

"மாமா, திரையில அடங்கலையே. இது மூத்திரப்பையா, வெள்ளாயணிக் காயலா?"

"எவ்வளவு?"

"எண்ணூத்தி நாப்பது மில்லி. போயிட்டு வாங்கோ. அவசரப்படாம, முழுக்கப் போங்கோ. அப்பறம் மிச்சத்தைப் பாக்கலாம். அதுதான் முக்கியம்."

அது முக்கியம் என்று கோலப்பனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. வெளியே வந்தார். ஓடிக்கொண்டிருந்த டோக்கன் அறுபத்தொன்று. அவர் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து மாளவிகாவே பயந்துபோனாள். ஆனால் வரிசையை மீறும் அதிகாரம் அவளுக்கு இல்லை. அது அவளே போட்ட வரிசை.

அதற்குள் பானைகளை, முற்றத்துக்குத் திரும்பிய டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே வந்த செண்பகவல்லி தன் சேலைத் தலைப்பை அவிழ்த்து ஓர் அட்டையை எடுத்தாள். அறுபத்திரண்டு.

"இந்தாங்க அண்ணாச்சி. நான் பிறகு போய்க்கிடுதேன். எனக்கொண்ணும் உசுரு போற அவசரமில்ல." பிறகு வரிசையைப் பார்த்து, செங்கோட்டை வரைக்கும் கேட்கிற குரலில், "ஏ, வழி விடுங்க. பெரியவருக்கு முட்டிக்கிட்டு நிக்கு. காலம்பற எட்டு மணியிலேருந்து அடக்கிக்கிட்டு இருக்காரு, பாவம்" என்றாள்.

நூறு பெண்கள் சுவரோடு சுவராக ஒதுங்கி வழி விட்டார்கள். சிலர் கும்பிட்டார்கள். கோலப்பன் தலையைக் குனிந்துகொண்டு அந்த நீண்ட பாதையில் நடந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

நின்றார். ஒன்றும் வரவில்லை.

நான்கு மணி நேரம் உள்ளே முட்டிமோதிய அத்தனை தண்ணீரும் இப்போது வேறு யாருடையதோ போலச் சும்மா இருந்தது. ரொம்ப நேரம் இறுக்கி வைத்த வால்வு அப்படியே பிடித்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அதற்கு எண்ணெய் விடுவார்கள், சுத்தியலால் தட்டுவார்கள். இங்கே எதைத் தட்டுவது? கதவுக்கு வெளியே ஒரே நிசப்தம். மரியாதைக்காக வரிசை முழுக்கப் பேச்சை நிறுத்தியிருந்தது. நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்கும்போது எந்த மனுஷனுக்கு வரும்?

"ஆச்சா அண்ணாச்சி?" கதவுக்கு வெளியே செண்பகவல்லி.

"இல்லம்மா."

"பைப்பைத் தொறந்து விடுங்க. சத்தம் கேட்டா தானா வரும். எங்க வீட்டு ஆளுக்கு அப்படித்தான்."

கோலப்பன் பைப்பைத் திறந்தார். அது ஒரு பெருமூச்சு விட்டது. அறுபத்தொரு டோக்கன் ஓடியதில் மேலே டாங்கு காலி.

"தண்ணி இல்லம்மா."

"அடப்பாவமே" என்றது வரிசை, ஒரே குரலில். அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள் என்பது இதில் உறுதிப்பட்டது. இருந்ததும் உள்ளே போய்விட்டது.

அவர் வியாழக்கிழமையை நினைத்தார். குழாயை நினைத்தார். என்ன நிறம் என்று கேட்கப் போகிற தெருவை நினைத்தார். நினைக்க நினைக்க இன்னும் இறுகியது. கால் மணி, அரை மணி, முக்கால் மணி. பானையில் வெந்த சோறும் ஆறிப்போயிருக்கும். இனி டாக்டரிடம் போய், ஒன்றும் நடக்கவில்லை, எண்ணூற்று நாற்பதும் அப்படியே பத்திரமாக இருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். அதை நூறோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் சத்தியநேசனுக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

தாழ்ப்பாளில் கை வைத்தபோது எங்கிருந்தோ வெடிச் சத்தம் கேட்டது. கோயிலில் நைவேத்தியம் ஆகிவிட்டது. அடுத்த நொடி மணக்காட்டிலும் கிழக்கேகோட்டையிலும் தம்பானூரிலும் கரமனையிலும் இருந்த அத்தனை லட்சம் பெண்களும் ஒன்றாகக் குரவையிட்டார்கள். வரிசையில் நின்றவர்களும் இட்டார்கள். கழிப்பறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, ஒரு திருகாணி கழன்று விழுந்தது. தன் மூச்சுகூடத் தனக்குக் கேட்காத அந்த இரைச்சலுக்குள் இருந்தது போன்ற தனிமையைக் கோலப்பன் பிறந்ததிலிருந்து அனுபவித்ததில்லை.

வால்வு திறந்தது.

குரவை ஓய்ந்தது. அது ஓயவில்லை. வெளியே தீர்த்தம் தெளிக்கிறவர் வந்து, கிள்ளிப்பாலம் முடித்து, அடுத்த ஜங்ஷனுக்கும் போய்விட்டார். அப்போதும் ஓயவில்லை. ஒருவழியாக முடித்து, நின்று, ஐந்து நிமிஷம் பொறுத்து, டாக்டர் முழுக்க என்று சொன்னதை நினைத்து இன்னொரு தடவையும் போய், கோலப்பன் கதவைத் திறந்தார்.

"ஆச்சா?" என்றாள் செண்பகவல்லி.

"ஆச்சும்மா."

"ஆச்சாம்" என்று அவள் பின்னால் சொன்னாள். "ஆச்சாம்", "ஆச்சு", "ஆயி" என்று வரிசை வழியாக முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து ரோட்டுக்கும், ரோட்டிலிருந்து அடுப்படுப்பாகவும் அது போயிற்று. கோலப்பன் ஸ்கேன் அறை வாசலை எட்டுவதற்குள் அவர் போன் அடித்தது. இரண்டு மைல் தள்ளி மணக்காட்டிலிருந்து பகவதியம்மாள்.

"ஆச்சாமே?"

கோலப்பன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

டாக்டர் திவ்யலட்சுமி பொங்காலையை முடித்து, தீர்த்தத்தில் நனைந்த தலையோடு வந்து, மறுபடி பசையைத் தடவினார். கருவி நகர்ந்தது. கோலப்பன் மேலே கூரையைப் பார்த்தபடி கிடந்தார். எந்த அழுத்தத்துக்கும் இப்போது கட்டைவிரல் எழவில்லை.

"எழுபது" என்றார் டாக்டர்.

"எழுபதா? நல்லாப் பாத்தீங்களா?"

"மூணு தடவை பாத்தாச்சு மாமா. எழுபது மில்லிதான் மிச்சம். இவ்வளவு நேரம் அடக்கினதுக்கு இது ஆச்சரியம். இனிமே இப்படி அடக்காதீங்கோ, ரொம்பத் தப்பு."

"நூத்தி எழுபதுன்னு யாரும் வாசிச்சிரக் கூடாது. எழுத்திலயும் எழுதணும்."

"மாமா, இது ஸ்கேன் ரிப்போர்ட். பேங்க் செக் இல்லை."

"எழுதுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியம்."

டாக்டர் பெருமூச்சு விட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் பேனாவால் எழுத்திலும் எழுதி, கோலப்பன் கேட்டுக்கொண்டபடி அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னார்.

"இன்னொண்ணு மாமா. இடது கிட்னியில ஒரு கல்லு இருக்கு. அஞ்சு மில்லிமீட்டர். பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லை, கத்தியும் வேண்டாம். தண்ணி குடிச்சாலே போயிடும்."

"எவ்வளவு தண்ணி?"

"தினம் மூணு லிட்டர். ஆறு வாரம் கழிச்சு மறுபடி ஒரு ஸ்கேன். இதே மாதிரி வயிறு நிறைச்சுண்டு வரணும்."

கோலப்பன் ரிப்போர்ட்டை வாங்கி மேஜைமேல் வைத்து, ஓரங்களைச் சரிபார்த்து, கல்லைப் பற்றிய வரி உள்ளே போகும்படியும் எழுபது மட்டும் வெளியே தெரியும்படியும் நான்காக மடித்தார். மடிப்பின்மேல் நகத்தால் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தார். சட்டைப் பையில் எழுபது தெரியச் செருகிக்கொண்டு, அணைந்த அடுப்புகளுக்கு நடுவே மணக்காட்டைப் பார்த்து நடந்தார்.